உங்களுக்குத் தெரியுமா? ஓர் எழுத்து மாறினால்…

அனுமந்தை உப்பளத்தில் எல்லாக் குவியலும் வெள்ளைதான், தரம் வேறு. நுரையீரல் புற்றுநோயும் அப்படியே. வகையை அறிய, கட்டியிலிருந்து எடுக்கும் சிறு சதைத்துணுக்கில் ‘ஈஜிஎஃப்ஆர்’ மரபணுவைச் சோதிக்கிறார்கள். அதில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறினால், புரதத்தின் 858-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து அமரும். செல் ஓயாமல் பெருகும். ஆனால் ஜெஃபிட்டினிப் மாத்திரைக்குக் கட்டி பணிவதும் இத்தகைய மாற்றங்களால்தான் என 2004-இல் தெரியவந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இம்மாற்றங்கள் உள்ள 350 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் சுமார் 8 மாதம் அடங்கியிருந்தது. கீமோவும் சேர்ந்தபோது 16 மாதம். பக்கவிளைவும் கூடியது.

இன்னொன்று: புகையே தொடாதவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம்!