'சர் ஓர்ஃபியோ'வில் நன்மையும் தீமையும்: ஒரு சொல்லாக்கச் சிக்கல்

இடைக்கால ஆங்கிலக் கதைப்பாடலாகிய 'சர் ஓர்ஃபியோ' ஏறத்தாழ 1330களில் எழுதப்பெற்ற ஆகின்லெக் சுவடியில் இடம்பெற்றுள்ளது. இதில் வரும் 'ஃபேரி' என்னும் சொல்லைத் 'தேவதை' எனப் பெயர்த்தால் நன்மையும், 'பேய்' எனப் பெயர்த்தால் தீமையும் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. பாடலோ அவ்வாறு தீர்மானிப்பதில்லை.

ஃபேரி வேந்தன், உடன்வர மறுத்தால் உறுப்புகளைச் சிதைப்பதாக அச்சுறுத்தி, குற்றமற்ற அரசி ஹியூரோடிஸைக் கவர்ந்து செல்கிறான். காட்டில் பத்தாண்டு உழன்ற அவள் கணவன் ஓர்ஃபியோ, பாணனாக அவனது அவையை அடைந்து யாழ் மீட்டுகிறான். இசையில் மகிழ்ந்த வேந்தன் வேண்டியதைத் தருவதாக வாக்களிக்கிறான். அவளையே கேட்டதும், பொருந்தா இணை என மறுக்கிறான். சொல் பொய்த்தல் அதனினும் இழிவு என ஓர்ஃபியோ இடித்துரைக்கவே, அவளை விடுவிக்கிறான். கவர்ந்ததற்கு அவன் வருந்தவில்லை. பாடலும் அவனைத் தண்டிக்கவில்லை. அறம் இங்கு வாய்மையளவில் நிற்கிறது. நாடு திரும்பும் ஓர்ஃபியோ தன் அமைச்சனைச் சோதிப்பதும் இவ்வளவுகோல் கொண்டே.

வருத்தும் தெய்வத்தையும் அது தரும் வருத்தத்தையும் ஒருங்கே சுட்டும் சங்கச் சொல்லாகிய 'அணங்கு' ஓரளவு பொருந்தும். ஆயினும் பிற்கால வழக்கில் அது பெண்ணையே குறிப்பதால், 'அணங்கு வேந்தன்' என்பது மயங்கவைக்கும். இப்பாடலில் 'ஃபேரி' பெரும்பாலும் ஆளையன்றி உலகையும் மாயத்தையுமே சுட்டுதலின், 'அணங்குலக வேந்தன்' என்பதே ஏற்புடையது.