கப்சாய்க்கு ஏற்ற அப்சோபர் எது?

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதியைச் செம்பனை பிடித்துக்கொண்டது. ஆனால், செம்மண் பாதையும் அதில் ஓடும் கப்சாயும் மாறவில்லை. விடியற்காலையில் வேலைக்காட்டுக்கும், மாலையில் பட்டணத்துக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஒரே வண்டிதான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு அதே வண்டியைக் கொடுத்தனுப்பும் குடும்பங்களும் உண்டு.

இளைஞர் கைக்கு வந்ததும் அவ்வண்டியில் மாறும் உறுப்புகளுள் ஒன்று 'அப்சோபர்' எனப்படும் அதிர்வுத்தாங்கி. நிறத்தைப் பார்த்தோ, வண்டி தாழ்ந்து நிற்கும் அழகைப் பார்த்தோ வாங்குவோரே அதிகம். இந்த ஆசை உலகப் பொதுவானது. 1930, 40களில் தென் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, வேகம் கூட்டி, 'ஹாட் ராட்' என்ற வகையையே உருவாக்கினர். வேகம் கூடினால் அதைத் தாங்கும் உறுப்புகளும் மாற வேண்டும் என்பதை அவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்சோபரின் வேலை என்ன?

உடல் குலுங்காமல் காப்பது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, டயரைத் தரையோடு ஒட்ட வைப்பது. டயர் தரையில் படாத நொடியில் பிரேக் பிடித்தும் பயனில்லை. ஹேண்டலைத் திருப்பியும் பயனில்லை.

அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. வெளியே தெரியும் சுருள்வில் எடையைச் சுமக்கிறது. உள்ளேயுள்ள தண்டு, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, வில்லின் துள்ளலை அடக்குகிறது. அந்தத் துள்ளல் வெப்பமாக மாறிக் கரைகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் எஞ்சுவது வெறும் வில்தான்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் சுமையைக் கணக்கிடுங்கள். வழக்கமாகத் தனியாகப் போகிறீர்களா, தங்கையை ஏற்றிச் செல்கிறீர்களா, அப்பா உதிரிப்பழ மூட்டை கட்டுகிறாரா? வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தொங்கும். சக்கர அச்சுக்கும் இருக்கையின் அடிவிளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். பின்னர் ஸ்டாண்டை எடுத்து, வழக்கமான சுமையுடன் அமர்ந்து, நண்பரை அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் வில் பொருத்தமானது. அந்தத் தூரம் 75 மில்லிமீட்டர் என்றால், 19 முதல் 25 மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் வில் மென்மை. மிகக் குறைவாக இறங்கினால் கடினம். சில அப்சோபர்களில் உள்ள படிவளையத்தைத் திருகினால் வண்டி உயரும். வில்லின் கடினம் மாறாது.

அடுத்தது நீளம். மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த்துளையின் மையம் வரையுள்ள அளவு, பழைய அப்சோபருக்குச் சமமாக இருக்கட்டும். குட்டையானதைப் போட்டால் பள்ளத்தில் டயர் மட்காட்டில் இடிக்கும்; வண்டியின் அடிப்பகுதி மண்மேட்டில் உரசும். நெட்டையானதைப் போட்டால் வண்டி முன்னோக்கிச் சாய்ந்து, ஹேண்டல் நிலைகொள்ளாமல் ஆடும்.

மூன்றாவது பாதை. வெயில் காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதை அலை அலையாக வரிவிழுந்து இறுகிவிடும். மிகக் கடினமான அப்சோபர் இவ்வரிகளில் சக்கரத்தைத் துள்ளவிடும். தார்ச்சாலையில் உறுதியாகத் தோன்றிய அதே வண்டி இங்கே வழுக்கும். கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் உள்ளிருக்கும் எண்ணெயில் நுரை கட்டி, அடக்கும் ஆற்றல் குறையும். வாயு நிரப்பிய வகை இந்த நுரையைக் குறைக்கும். அன்றாடம் நெடுந்தூரம் ஓடுவோருக்கு அதன் கூடுதல் விலை தகும். மற்றவர்களுக்குத் தரமான சாதாரண வகையே போதும்.

பழுதை அறிய

இருக்கையின் பின்பகுதியை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, தண்டில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தாலோ மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன் ஃபோர்க்கின் எண்ணெயையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. எல்லாவற்றுக்கும் அப்சோபர் காரணமன்று. ஆயினும் நம் கையில் இருக்கும் காரணங்களுள் அதுவும் ஒன்று. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எந்த நிறம் வேண்டும் என்று சொல்வதற்கு முன்பு, இந்த வண்டியில் யாரெல்லாம் ஏறுகிறார்கள், எந்தப் பாதையில் போகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். சரியான அப்சோபர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.