அந்த மூணு மாசம்: மீசோதீலியோமாவுக்கு கீமோ என்ன செய்யும்?

இந்த எபிசோடு ஒரு போன் கால்ல இருந்து ஆரம்பிக்குது. காலேஜ்ல என் ரூம்மேட்டா இருந்தவன், ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "மச்சான், அப்பாவுக்கு மீசோதீலியோமாவாம். கீமோ குடுத்தா மூணு மாசம்தான் கூடக் கிடைக்கும்னு நெட்ல போட்டிருக்கு. அதுக்காக அவரைப் போட்டு வதைக்கணுமா?"

எனக்குப் பதில் தெரியல. நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். ஆனா அந்த 'மூணு மாசம்' எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் படிக்க முடியும். படிச்சதைத்தான் இன்னிக்குச் சொல்றேன்.

முதல்ல நோய். நுரையீரலைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. மீசோதீலியோமா பெரும்பாலும் அங்கதான் வரும். முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ். மூச்சோட உள்ள போன அந்த நார், 20 முதல் 50 வருஷம் கழிச்சுக்கூட நோயா வெளிய வரலாம். நண்பனோட அப்பா இளவயசுல பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுத்துற வேலை பார்த்தவர். அவர் ரிட்டயர் ஆகியே பல வருஷம் ஆச்சு.

இந்தக் கட்டி உருண்டையா ஒரே இடத்துல நிக்காது. சுவத்துல அடிச்ச பெயின்ட் மாதிரி சவ்வு மேல படரும். அதனால பல பேருக்கு ஆபரேஷன்ல முழுசா எடுக்க முடியாது. ரத்தம் வழியா எல்லா இடத்துக்கும் போற மருந்து வேணும். அதான் கீமோ.

இப்ப அந்த நம்பர். 2003-ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. 448 நோயாளிகள். ஒரு பாதிக்கு சிஸ்பிளாட்டின் மட்டும். இன்னொரு பாதிக்கு அதோட பெமெட்ரெக்செட்டும். முதல் குழுவில் மீடியன் ஆயுள் 9.3 மாசம், ரெண்டாவதில் 12.1 மாசம். அடுத்த வருஷமே அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. இந்த ஜோடிக்கு அனுமதி குடுத்தது.

கவனிச்சீங்களா? ரெண்டு குழுவுக்கும் கீமோ குடுத்திருக்காங்க! அந்த மூணு மாசம், கீமோவுக்கும் கீமோ இல்லாததுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் இல்ல. ஒரு மருந்துக்கும் ரெண்டு மருந்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்.

அடுத்து, அது மீடியன். நம்ம சர்வர் ரெஸ்பான்ஸ் டைம்ல பி-50 பார்ப்போம்ல, அதே கணக்கு. பாதிப் பேர் அதுக்குக் கீழ, பாதிப் பேர் அதுக்கு மேல. 'உங்க அப்பாவுக்கு இத்தனை மாசம்'னு அந்த நம்பர் சொல்லவே இல்ல. இன்னொண்ணு, ரெண்டு மருந்து வாங்கினவங்களுக்கு நுரையீரல் வேலை செய்யுற அளவும் முன்னேறியிருக்கு. படி ஏற முடியாம மூச்சு வாங்குற மனுஷனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

'வதைக்கிறது' பத்தியும் பேசணும். பெமெட்ரெக்செட் பார்க்க ஃபோலேட் வைட்டமின் மாதிரியே இருக்கும். செல்லுக்குள்ள போய், டிஎன்ஏ தயாரிக்கிற என்சைம்களை முடக்கிடும். பிரச்சினை என்னன்னா, எலும்பு மஜ்ஜையில இருக்கிற நல்ல செல்களும் அடி வாங்கும். ஆய்வோட ஆரம்பத்துல பக்க விளைவாலேயே சிலர் இறந்துட்டாங்க. உடம்புல ஃபோலேட், பி12 குறைவா இருக்கிறவங்களைத்தான் மருந்து அதிகமாத் தாக்குதுன்னு தெரிய வந்தது. நடுவுலயே விதியை மாத்தி, எல்லாருக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் குடுத்தாங்க. 'வைட்டமின் குடுத்தா புற்றுநோயும் பிழைச்சுக்குமே'ன்னு சந்தேகம் வரும்ல? அப்படி ஆகல. பக்க விளைவு குறைஞ்சது, மருந்தோட பலன் குறையல.

இன்னிக்கும் அதான் நடைமுறை. மருந்து ஏத்துறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்திரை தொடங்கணும். பி12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒரு தடவை. கீமோ 21 நாளைக்கு ஒரு தடவை, வழக்கமா ஆறு சைக்கிள் வரைக்கும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம். சிலருக்கு அதுக்குப் பதிலா கார்போபிளாட்டின் குடுப்பாங்க. வீட்டுல தெர்மாமீட்டர் அவசியம். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இப்ப கீமோ மட்டுமே வழி இல்ல. 2020-ல இம்யூனோதெரபி ஜோடி ஒண்ணுக்கும் அனுமதி கிடைச்சது: நிவோலுமாப், இபிலிமுமாப். மீசோதீலியோமாவுல கீமோவுக்குச் சரியா மசியாத சில வகை உண்டு. அதுல வித்தியாசம் பெருசு: மீடியன் கீமோவில் 8.8 மாசம், இதில் 18.1. அதனால டாக்டர்கிட்ட முதல் கேள்வி, 'பயாப்சில எந்த வகைன்னு வந்திருக்கு?'

இதையெல்லாம் நண்பன்கிட்ட சொன்னேன். அமைதியா கேட்டுட்டு, "அப்பாகிட்டயே கேட்கிறேன்டா"ன்னான். எங்க ரெண்டு பேருக்குமே அதுவரைக்கும் அது தோணல. அவர் ரெண்டு சைக்கிள் போட்டுக்கிறேன், ஸ்கேன் பார்த்துட்டு மேற்கொண்டு முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்கார். ரெண்டாவது சைக்கிள் முடிஞ்சுது. அடுத்த வாரம் ஸ்கேன்.

உங்க வீட்டுல யாராவது இந்த இடத்துல இருந்தா, நெட்ல பார்த்த நம்பரை வச்சு முடிவு எடுக்காதீங்க. அது எதோட எதை ஒப்பிட்டு வந்த நம்பர்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.