ஏரிக் கணக்கைக் கேளுங்க

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) இருக்கு. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். உழவர்கள் கவனிக்க வேண்டியது வேற. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர்; பதவி 360 நாள்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது. அவரோட நெருங்கின சொந்தக்காரங்க பெயரும் கூடாது!

பொற்காலம்னு தூக்கி வைக்க வேண்டாம். அது பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இன்னைக்குக் கிராம சபையில் வாக்காளர் எல்லாருக்கும் இடம் உண்டு, நாமதான் போறதில்லை. அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போங்க. ஏரி வண்டல் எத்தனை லோடு போச்சு, யார் வயலுக்குப் போச்சுன்னு கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க.