நாலு சக்கரக் காலம் – 9: அடித்தகடு சொல்லும் விலை

பழைய புரோட்டோன் சாகாவுக்கு இப்போது நல்ல மவுசு. ஒரு காலத்தில் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்ட வண்டியை இன்று இளைஞர்கள் வீடு வீடாக விசாரித்து வருகிறார்கள். மலாக்காவின் சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா, பாயா ரும்புட் பக்கம் இந்தத் தேடல் நன்றாகவே நடக்கிறது. தோட்டங்களும் தெரண்டாக் ராணுவ முகாமும் சூழ்ந்த வட்டாரம் இது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு கார் வாங்கி, அதை விற்க மனமில்லாமல் இருபது வருஷம், முப்பது வருஷம் வைத்திருந்த குடும்பங்கள் இங்கே உண்டு.

1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான கார் அது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் அடிப்படையில் ஷா ஆலம் தொழிற்சாலையில் உருவானது. முதலில் வெளிவந்த சாகா இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. சாகா வருவதற்கு முன்பு நம்மவர்களில் பலருக்குக் கார் என்றால் இரண்டாம் கை மோரிஸ் மைனர் அல்லது டட்சன் 120ஒய். கிராணியோ பள்ளி ஆசிரியரோ ராணுவத்தில் இருந்தவரோ, கடை வாசலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையில் உட்கார்ந்து புதுக் காரை ஓட்டி வந்தது பல வீடுகளில் சாகாவோடுதான் தொடங்கியது. அந்தப் பாசம் பெரியது. விற்பவர் விலை சொல்லும்போது அந்தப் பாசத்தையும் சேர்த்தே சொல்கிறார். வாங்க வருபவருக்கும் தன் அப்பாவின் கார் நினைவுக்கு வந்துவிடுகிறது. இருவருமே உருகி நிற்கும் இடத்தில் நியாய விலை பிடிபடாது.

ஆகவே முதலில் ஓர் ஒழுங்கு வேண்டும். பழைய காரைப் பார்க்கப் போனால் முதலில் உடம்பு, அடுத்து பத்திரம், கடைசியில்தான் எஞ்சின். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். போனதும் பானட்டைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்கிறோம். எஞ்சின் சீராக ஓடிவிட்டால் மனதுக்குள் பாதி விலை பேசி முடித்துவிடுகிறோம்.

எஞ்சினைக் கடைசியில் வைக்கக் காரணம் இருக்கிறது. சாகாவின் 1.3 எஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி13. பிறகு வந்த 1.5 எஞ்சின் 4ஜி15. அந்த உடல் வார்ப்பே பெயரும் முகமும் மாறி 2008 வரை தயாரிப்பில் இருந்தது. அதனால் உதிரிப் பாகம் இன்னும் சின்னப் பட்டணத்துக் கடையிலும் கிடைக்கிறது. எஞ்சினே போனாலும் ஹாஃப் கட் கடையில் வேறொன்று வாங்கிவிடலாம். 120ஒய்யின் 1171 சிசி ஏ12 எஞ்சினும் கெட்டியானது. பழகிய மெக்கானிக் கையில் மறுபடி எழுந்து நிற்கும். உக்கிப்போன தகட்டை அப்படி வாங்கி மாட்ட முடியாது. இந்தக் கார்களுக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பக்கப் பெட்டி, கூரையைத் தாங்கும் தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. 1948 முதல் 1970 வரை வந்த மோரிஸ் மைனர் சலூனும் அப்படித்தான். பக்கப் பெட்டி உள்ளுக்குள் உதிர்ந்துவிட்டால் கார் நடுவில் தொய்கிறது. கதவைத் தூக்கிச் சாத்த வேண்டிவந்தால் கீலை மட்டும் குறை சொல்லாதீர்கள். கீழே குனிந்து பாருங்கள்.

சுங்கை ஊடாங்கில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். தங்கா பத்து, பந்தாய் புத்ரி என்று கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. மலாக்கா நீரிணையின் உப்புக்காற்றில் வருஷக்கணக்காக நின்ற கார் என்றால் துரு வெளியே தெரியாமலே உள்ளே வேலை செய்திருக்கும். தோட்டத்தில் ஓடிய கார் என்றால் செம்மண் வேறு. சக்கரத்துக்கு மேல் மட்கார்டின் உள்மடிப்பில் அந்த மண் அப்பிக்கொண்டு காயவே காயாது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமண் கட்டியாக வந்தால், அதன் பின்னால் தகடு எவ்வளவு மிச்சம் என்பதுதான் அடுத்த கேள்வி.

காரைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த காரையோ அப்போதுதான் கழுவி வைத்த காரையோ பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. தண்ணீர் மினுமினுப்பில் தகட்டின் நெளிவு தெரியாது. காரின் பின்மூலையில் குந்தி, முன்பக்கம் வரை ஒரே கோட்டில் கண்ணை ஓட்டினால் பட்டி வைத்துத் தேய்த்த இடம் அலை அலையாகத் தெரியும். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சாயத்தின் மேல் அது பிடிக்கும். தடிமனாகப் பட்டி போட்ட இடத்தில் நழுவி விழும். பின்சக்கர வளைவு, கதவின் அடிப்பாகம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி ஆகிய இடங்களில் கட்டாயம் வைத்துப் பாருங்கள். பூட் மூடியைத் திறந்து ஸ்பேர் டயரைத் தூக்குங்கள். தண்ணீர் தேங்கும் குழி அது. முன்சொந்தக்காரர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

கால் மிதியடியையும் அதன் கீழே இருக்கும் கம்பளத்தையும் விலக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்; பணம் கொடுப்பது நீங்கள். சுங்கை ஊடாங்கை ஒட்டிய ஒரு குடியிருப்பில் சிவப்புச் சாகா ஒன்றை நண்பருக்காகப் பார்க்கப் போயிருந்தேன். சாயம் கண்ணைப் பறித்தது. "எஞ்சின்ல இதுவரைக்கும் கை வைக்கல, தம்பி" என்றார் உரிமையாளர். ஓய்வு பெற்ற பெரியவர், பொய் சொல்லும் மனிதர் இல்லை. ஓட்டுநர் பக்கத்துக் கம்பளத்தைத் தூக்கினோம். அடியில் இருந்த பஞ்சு ஈரம். அதையும் நகர்த்தினால் கையகலத் தகடு ஒன்று ரிவெட் அடித்து ஒட்டப்பட்டு, மேலே தார் பூசியிருந்தது. கரையான் அரித்த நிலைப்படிக்குப் புதுச் சாயம் அடித்த கதை. பெரியவருக்கே அது தெரியவில்லை. எப்போதோ ஒரு பட்டறையில் பணம் கொடுத்துச் செய்த வேலை. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தரைத்தகட்டுக்கு ஆகும் செலவை விலையிலிருந்து கழிக்காமல் வாங்குவது நண்பருக்குச் செய்யும் துரோகம்.

தொழிற்சாலையில் போட்ட ஒட்டு வேறு, பட்டறையில் போட்ட ஒட்டு வேறு. தொழிற்சாலை ஒட்டு சின்னச் சின்ன வட்டக் குழிகளாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசை போட்டிருக்கும். பட்டறை வெல்டிங் நீளக் கோடாகவோ மேடு பள்ளமாகவோ ஓடும். பானட் ஓரத்திலும் பூட் விளிம்பிலும் இந்தக் குழிகள் காணாமல் போயிருந்தால் அந்தப் பக்கம் மோதி அடி வாங்கிய கார். அடியில் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று கேட்க வேண்டும். இருக்கைவார்ப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சினைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகம். கரும்புகை பெரும்பாலும் கார்புரேட்டர் சரிசெய்தால் தீரும். சாகா என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

பத்திரம் இதைவிட முக்கியம். கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் அதைத்தான் பார்க்கிறார்கள். சாகாவில் பெரிய மிட்சுபிஷி எஞ்சின் மாற்றிவைத்திருப்பது சகஜம். ஜேபிஜே அனுமதியோடு அது கெரானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் என்ன வேகம் போனாலும் அந்தக் கார் எனக்கு வேண்டாம். எண் பலகையையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். குறைந்த இலக்க மலாக்கா எண் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பதிவெண்ணை வேறு காருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எண் அழகாக இருப்பதற்காக உக்கிய உடம்புக்கு விலை ஏற்றக் கூடாது.

இனி விலை. விளம்பரத்தில் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. கை மாறிய விலையைத்தான் விசாரிக்க வேண்டும். பழைய கார் கூடும் இடங்களில், ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள அதே மாடல் 15,000 வெள்ளிக்குக் கை மாறுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கும் காருக்குத் தகட்டு வேலையும் சாயமும் 6,000, பிரேக், டயர், ரப்பர் எல்லாம் 2,000 என்றால் மிச்சம் 7,000. அதிலும் எதிர்பாராத செலவுக்கு ஓர் ஆயிரம் கழியுங்கள். 6,000க்கு மேல் கொடுத்தால் அது பாசத்துக்குக் கொடுக்கும் பணம். கொடுக்கலாம், தப்பில்லை, தெரிந்து கொடுங்கள். தகட்டு வேலைச் செலவைச் சொந்த ஊகத்தில் போடாமல், வாங்குவதற்கு முன்பே பட்டறைக்காரர் ஒருவரை நேரில் அழைத்துப் போய்க் கேளுங்கள்.

சாலை வரி பெரிய சுமை இல்லை. 1.3 சாகாவுக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி, 120ஒய்க்கு 55, 948 சிசி மோரிஸ் மைனருக்கு 20. இந்த வயதுக் காருக்கு வங்கிக் கடனை நம்பிப் போகாதீர்கள், ரொக்கம்தான். அதனால் பேரம் பேச இடம் உண்டு, பொறுமையும் வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா காலமான பிறகும் கார் அவர் பெயரிலேயே நிற்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட காரை விலை பேசி முன்பணம் வாங்கிவிடாதீர்கள். வாரிசு ஆவணம் இல்லாமல் ஜேபிஜேயில் பெயர் மாறாது. இடையில் வாங்கியவரும் நீங்களும் மனஸ்தாபப்பட வேண்டிவரும். அந்த நடைமுறையை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அலமாரியைத் திறந்து கெரானையும் இறப்புச் சான்றிதழையும் தேடி எடுத்து வையுங்கள்.