பெரிய இன்ஜின்... சின்ன வளைவு! பொம்மை ரயில் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி பொம்மை ரயில் ஓடவிடுவது அமெரிக்க வீடுகளில் பழைய வழக்கம். சின்ன செட்டில் தொடங்கும் ஆசை, சில வருடங்களில் ‘பெரிய இன்ஜின் வேண்டும்’ என்று வளரும். பணம் சேர்த்து வாங்கி, பழைய தண்டவாளத்தில் ஏற்றினால்... முதல் வளைவிலேயே தடம் புரளும்!

கோளாறு பெரும்பாலும் இன்ஜினில் இல்லை, வளைவின் அளவில்தான்.

ரசிகர்கள் அதிகம் விரும்பும் ‘பிக் பாய்’ நீராவி இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை 25 இன்ஜின்கள் தயாராயின. டெண்டரோடு சேர்த்து நீளம் சுமார் 132 அடி. அவற்றில் 4014 என்ற எண் கொண்டது, பழுது பார்க்கப்பட்டு 2019-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. இவ்வளவு நீளம் வளைவில் திரும்ப வேண்டும் என்பதால், சக்கரங்களை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, முன்தொகுதி தனியே திரும்பும்படி அமைத்தார்கள். அப்படியும் அதற்குச் சுமார் 87 மீட்டர் ஆரமுள்ள வளைவு தேவை.

இதை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியதுதான் ‘எச்ஓ’ அளவு. கணக்குப்படி வளைவின் ஆரம் 1 மீட்டர் இருக்க வேண்டும். ஆனால், ஆரம்ப செட்களில் வரும் வளைவு பெரும்பாலும் 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டர்தான். பொம்மை பிக் பாயின் நீளமும் ஏறக்குறைய அதேதான்! இதைச் சமாளிக்கத்தான் பல பொம்மைகளில் இரண்டு சக்கரத் தொகுதிகளுமே திரும்பும்படி செய்கிறார்கள்.

எண்ணில் ஏமாற வேண்டாம்!

எச்ஓ தண்டவாளத்தில் ‘18’, ‘22’ என்பவை ஆரம். லயனல் போன்ற ‘ஓ’ அளவு தண்டவாளத்தில் ‘ஓ-36’, ‘ஓ-72’ என்பவை வட்டத்தின் குறுக்களவு. ஓ-36 என்றால் ஆரம் 18 அங்குலம் மட்டுமே. இந்த அளவில் முழு பிக் பாய் சுமார் 33 அங்குல நீளம். அதற்கு ஓ-72, அதாவது 6 அடி அகல வட்டம் வேண்டும்.

வாங்கும் முன்...

* பெட்டியில் உள்ள ‘குறைந்தபட்ச ஆரம்’, இன்ஜின் தடம் புரளாமல் திரும்புவதற்கான அளவு மட்டுமே. பார்க்க அழகாக ஓட, அதைவிடப் பெரிய வளைவு தேவை.

* நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் நல்லது. 12 அங்குலப் பெட்டிக்கு 36 அங்குலம்.

* இடப்பக்க வளைவு முடிந்ததும் உடனே வலப்பக்க வளைவு வைக்கக் கூடாது. இடையில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தண்டவாளம் வேண்டும்.

* வளைவில் நீள இன்ஜினின் மூக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். சுவர், சுரங்க வாயில், பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயில் எதிலும் இடிக்காதபடி இடைவெளி விடுங்கள்.

* பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வளைவை முழு அளவில் வெட்டித் தரையில் விரித்துப் பாருங்கள். கட்டில், கதவுக்கு இடைஞ்சலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இடம் போதவில்லையா? ஆறே சக்கரங்கள் கொண்ட குட்டி இன்ஜின் 18 அங்குல வளைவில் ஜோராக ஓடும். அலமாரியில் நிற்கும் பிக் பாயைவிட, தினமும் ஓடுகிற அந்தக் குட்டிதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.