விவிலியக் கிரேக்கத்தில் எண்ணுப்பெயர்கள்

மொழிபெயர்ப்பில் எண்ணுப்பெயர்கள் இடர் தருவன அல்ல என்பது பொதுவான எண்ணம். ஒரு மொழியின் ஏழு பிறிதொரு மொழியிலும் ஏழே என்பர். ஆயின் எண்ணின் மதிப்பு ஒன்றாயினும் எண்ணுப்பெயரின் பயன்பாடு மொழிக்கு மொழி வேறுபடும். புதிய ஏற்பாடு கொய்னே எனப்படும் பொதுவழக்குக் கிரேக்கத்தில் அமைந்தது. எபிரேய, அரமேய மொழிகளின் தாக்கமும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கப்பெற்ற எழுபதின்மர் மொழிபெயர்ப்பின் சொல்வழக்கும் அதில் கலந்துள்ளன. ஆகவே அதன் எண்ணுப்பெயர்களை அகராதிப் பொருள் மட்டும் கொண்டு உணர இயலாது.

பால் காட்டும் எண்கள்

கிரேக்கத்தில் ஐந்து, ஆறு, ஏழு, பத்து முதலிய எண்கள் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்பத் திரிவதில்லை. ஒன்று, மூன்று, நான்கு ஆகியன திரிவன. ஒன்று என்னும் எண் ஆண்பாலில் ‘ஹெய்ஸ்’, பெண்பாலில் ‘மியா’, நடுப்பாலில் ‘ஹென்’ என நிற்கும். இவ்வேறுபாடு பொருளுக்கு இன்றியமையாதது. யோவான் 10:30இல் தந்தையும் மகனும் ஒன்றாயிருத்தலைச் சுட்டுமிடத்து நடுப்பாலாகிய ‘ஹென்’ வருகிறது. கலாத்தியர் 3:28இல், கிறிஸ்துவில் அனைவரும் ஒன்றாயிருத்தலைச் சுட்டுமிடத்து ஆண்பாலாகிய ‘ஹெய்ஸ்’ வருகிறது. முன்னது ஒருமைப்பாட்டையும் பின்னது பலர் ஓர் ஆளென ஆதலையும் உணர்த்தும். முன்னதில் ஆண்பால் வாராமையைத் தெர்த்துல்லியன் தம் காலத்திலேயே எடுத்துக்காட்டியுள்ளார். ஒருவன், ஒருவர், ஒன்று எனத் திணை பால் வேறுபாடு காட்டவல்ல தமிழில் இதனைப் புலப்படுத்த இயலும். எனினும் பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பில் ஈரிடத்தும் ‘ஒன்று’ என்பதே இடம்பெற்றுள்ளது.

முதலாவதைக் குறிக்கும் ஒன்று

மாற்கு 16:2இல் வாரத்தின் முதல் நாள் ‘ஓய்வு நாள்களின் ஒன்று’ எனப் பொருள்படும் தொடரால் சுட்டப்படுகிறது. அங்கு ‘ஓய்வு நாள்கள்’ என்பது வாரத்தையும், ‘ஒன்று’ என்பது முதலாவதையும் குறிக்கும். எபிரேயத்தில் நாள்களை எண்ணும்போது எண்ணுப்பெயரே வரிசைமுறைப் பெயராகவும் நிற்கும். தொடக்க நூல் 1:5இல் எபிரேய மூலம் ‘ஒரு நாள்’ என்று கூற, எழுபதின்மரும் அவ்வாறே ‘மியா’ என்னும் சொல்லால் பெயர்த்தனர். மாற்கு 16:9இல், கிரேக்க மரபிற்கேற்ப முதலாவதைக் குறிக்கும் ‘புரோட்டே’ என்னும் வரிசைமுறைப் பெயர் வருதல் ஒப்புநோக்கத்தக்கது.

அடுக்கி வரும் எண்கள்

மாற்கு 6:7இல் சீடர்கள் இருவர் இருவராக அனுப்பப்பட்டமை ‘துவோ துவோ’ என்னும் அடுக்கால் கூறப்படுகிறது. இவ்வடுக்கு எபிரேய மரபின் நேர்ப்பெயர்ப்பு என்று முன்னர்க் கருதப்பட்டது. நோவாவின் வரலாற்றில், தொடக்க நூல் 7:9இல், எழுபதின்மர் இவ்வாறு பெயர்த்திருத்தல் அதற்குச் சான்றாயிற்று. எனினும் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த கி.பி. 3ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் மடல் ஒன்றில், மும்மூன்றாகக் கட்டுக எனும் பொருளில் மூன்று என்னும் எண் அடுக்கி வந்துள்ளது. இதனால் இவ்வழக்கு கிரேக்கப் பொதுமக்கள் பேச்சிலும் இருந்தமை தெளிவாகும். எபிரேயத் தாக்கம் இதனை மிகுவித்தது எனலாமேயன்றித் தோற்றுவித்தது எனல் பொருந்தாது.

எழுபத்தேழா, ஏழெழுபதா

பொருள் வேறுபாடு பெரிதும் புலப்படும் இடம் மத்தேயு 18:22 ஆகும். ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு வினவ, மறுமொழியாக ‘ஹெப்டோமேக்கோண்டாக்கிஸ் ஹெப்டா’ என்னும் தொடர் வருகிறது. முதற்சொல் ‘எழுபது முறை’ எனவும் இரண்டாவது ‘ஏழு’ எனவும் பொருள்படும். இதனைப் பெருக்கலாகக் கொண்டால் 490. கூட்டலாகக் கொண்டால் 77. பெருக்கலே கருத்தாயின், இரண்டாம் சொல்லும் ‘ஏழு முறை’ எனப் பொருள்படும் ‘ஹெப்டாக்கிஸ்’ என்று இருத்தல் வேண்டும் என்பர். பேசா எனப்படும் கையெழுத்துச் சுவடியில் அவ்வாறே காணப்படுவது, பழங்காலத்தார் சிலர் இதனைப் பெருக்கலாகவே உணர்ந்தமைக்குச் சான்றாகும்.

இதனைத் தெளிவுறுத்துவது தொடக்க நூல் 4:24. காயினுக்காக ஏழு முறை பழிவாங்கப்படுமெனில் தனக்காக எழுபத்தேழு முறை பழிவாங்கப்படும் என இலாமேக்கு செருக்குடன் கூறுமிடம் அது. எபிரேய மூலத்தில் எண் ஐயமின்றி எழுபத்தேழே. அதனை எழுபதின்மர் பெயர்த்த தொடர், மத்தேயுவில் வரும் தொடரே. எனவே மத்தேயுவின் கூற்று இலாமேக்கின் சூளுரையைத் தலைகீழாக்குவது. எல்லையற்ற பழிக்கு எதிராக எல்லையற்ற மன்னிப்பை வைப்பது.

கிரேக்கத் தொடர் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. தமிழோ மொழிபெயர்ப்பாளரை ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு கட்டாயப்படுத்துகிறது. எழுநூறு, நூற்றேழு என்பவற்றில் போலச் சிற்றெண் முன்வரின் பெருக்கலும் பின்வரின் கூட்டலும் ஆகும். பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு தொடக்க நூலில் எழுபத்தேழையும் மத்தேயுவில் பெருக்கலையும் கொண்டுள்ளது. இதனால் கிரேக்கம் கற்றோர்க்கு உடனே புலனாகும் தொடர்பு தமிழ் வாசகருக்குக் கிட்டாது போகிறது. எண்ணின் மதிப்பைப் பெயர்த்தல் மட்டும் போதாது. அவ்வெண் முன்னர் எங்கு, எத்தொடரில் வழங்கியது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் அறிதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.